அம்மா கண்ணைத் திறந்தபடியே இருக்கட்டும்

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 61 வயது. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த அன்று, மூத்த மகனைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு மகனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு மேல் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, பெருமூச்சு விடுகிறார், ‘யோசனை கூடிப்போய்விட்டது’ என்கிறார். ஊருக்கு வந்த ஒரு உளவளத்துணைக் குழு பொதுநோக்கு மண்டபத்தில் பெண்களை இருத்தி, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று அழைக்கப்படும் பயிற்சி அது. இரண்டாம் நாள் அம்மா அலறிக்கொண்டு எழுந்து வெளியே ஓடிவிட்டார். ‘இது புத்த சமயத்துப் பயிற்சி, நமக்கு எதற்கு’ என்கிறார் மாமா. தங்கை கேட்பவை மூன்று: இது உண்மையில் பௌத்தமா? இதனால் பயன் உண்டா? அம்மா தொடரலாமா?

கடைசிக் கேள்விதான் அவசரமானது. அந்த வடிவில் அம்மா தொடர வேண்டாம். அன்று நடந்ததை அம்மாவின் பலவீனம் என்று யாரும் சொல்லவிடாதீர்கள். ‘பயிற்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டது, அதனால்தான் அழுகை வருகிறது’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அவருக்குப் பொருந்தாத இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளில், ஒரு தறப்பாள் கூரையின் கீழ் பன்னிரண்டு பெண்களை வட்டமாக இருத்தி, கண்ணை மூடுங்கள், மூச்சு உள்ளே போவதைப் பாருங்கள் என்றேன். பயிற்சிப் பட்டறையில் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓர் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “பிள்ளை, கண்ணை மூடினால்தானே எல்லாம் வருகிறது. இரவு முழுக்க நாங்கள் அதைத்தானே பார்த்துக்கொண்டு கிடக்கிறோம்” என்றார். அந்த நாளுக்குப் பிறகு வன்னியில் யாரையும் முதற்சந்திப்பில் கண்ணை மூடச் சொன்னதில்லை.

பங்கருக்குள் கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஷெல் குத்திய சத்தம் தூரத்தில் கேட்கும். அது விழுந்து வெடிக்கும் வரை சில விநாடிகள். அந்த விநாடிகளில் இருட்டில் குந்தியிருந்து, மூச்சை அடக்கி, காதைக் கூராக்கி, நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனிப்பது என்பதை அம்மாவின் உடம்பு ஏற்கனவே கற்றிருக்கிறது. சாவு எங்கே விழப்போகிறது என்று காத்திருக்கும்போது செய்யும் வேலையாகக் கற்றிருக்கிறது. மண்டபத்தில் அமைதி வந்ததும் அந்த உடம்பு, அடுத்தது வெடிக்கப்போகிறது என்று முடிவு செய்து அவரை எழுப்பி ஓடவைத்தது. அது 2009 இல் அவரைக் காப்பாற்றிய அதே உடம்பு.

இது வன்னியில் மட்டும் கண்ட அனுபவமும் இல்லை. அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டனும் அவருடைய குழுவினரும் தியானம் செய்பவர்களையும் ஆசிரியர்களையும் நேர்கண்டு 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம், பழைய நினைவுகள் திடீரென்று மேலெழுதல், தூக்கமின்மை, தன்னிடமிருந்தே தான் பிரிந்து நிற்பதுபோன்ற உணர்வு என்று பல தொல்லைகளை அதில் பதிவு செய்தார்கள். மனவடுப் பட்டவர்களுக்குத் தியானம் கற்பிக்கும்போது எதை எதை மாற்ற வேண்டும் என்று டேவிட் ட்ரெலீவன் 2018 இல் ஒரு நூலே எழுதினார். ஆகவே பத்து நாள் பேச்சின்றி அமர்ந்திருக்கும் விபாசனா முகாமுக்கு அம்மாவை அனுப்பலாமா என்று யாராவது கேட்டால், இப்போது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அந்த முகாம்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவை வேறொரு நிலையில் இருப்பவர்களுக்கானவை.

இனி மாமாவின் கேள்வி. ஆம், இதன் வேர் பௌத்தம்தான். அதை மறைப்பது சரியில்லை என்பது என் நிலைப்பாடு. சில குழுக்கள் ‘இது விஞ்ஞானம் மட்டும்’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. பிறகு மக்களுக்குத் தெரியவரும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள், நியாயமாகவே.

பாளி மொழியில் ‘சதி’ என்றொரு சொல். நம் காதில் வேறு பொருளில் விழுவதால் அதை நான் இங்கே பயன்படுத்துவதில்லை. வடமொழியின் ஸ்மிருதிதான் அது. நேர்ப்பொருள் நினைவு. 1860களில் இலங்கையின் குடியேற்ற நிர்வாகச் சேவைக்கு வந்து, இங்கேயே பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேயர், 1881 இல் வெளியான தன் மொழிபெயர்ப்பில் அதை ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று ஆக்கினார். ஜெர்மனியில் பிறந்து இலங்கையில் துறவியாகி, கண்டிக் காட்டுக் குடிலில் வாழ்ந்த ஞானபோனிக தேரர், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பயிற்சியை மேற்குலகம் புரிந்துகொள்ளும் மொழியில் விளக்கினார். 1979 இல் ஜோன் கபாட் சின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், மருந்தால் தீராத நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்காக இதை எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். அங்கே வழிபாடு இல்லை, சரணம் இல்லை, மறுபிறப்பு பற்றிய பேச்சு இல்லை. உங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்தது இந்த வழியாக வந்த பயிற்சிதான்.

தமிழில் இதற்கு ‘மனநிறைவு’ என்று எழுதுகிறார்கள். அது பிழை. மனநிறைவு திருப்தியைக் குறிக்கும். ‘விழிப்புணர்வு’ டெங்குத் தடுப்புப் பதாகைகளில் தேய்ந்துவிட்டது. எனக்குப் பிடித்த சொல் வைத்தியசாலை விறாந்தையில் நாம் எல்லோரும் சொல்வது: ‘நினைவு திரும்பிவிட்டது.’ ஞாபகத்துக்கும் சுயநிலைக்கும் தமிழில் அந்த ஒரே சொல் போதும். பாளிச் சொல்லிலும் அந்த இரண்டு பொருளும் அப்படியே இருக்கின்றன. நினைவோடு இருத்தல் என்பேன். வள்ளுவரும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், மறவாமல் இருத்தல் பற்றி. பௌத்தர்களின் தம்மபதத்தில் இரண்டாம் பகுதி பேசுவதும் அந்த மறவாமையைத்தான். தமிழ் நிலத்தில் ஒரு காலத்தில் பௌத்தர்கள் வாழ்ந்தார்கள், மணிமேகலை அவர்களுடைய காப்பியம், அதில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர் என்பதெல்லாம் மாமாவுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனாலும் மாமாவின் மறுப்பை இந்த வரலாற்றைச் சொல்லி மடக்க நான் விரும்பவில்லை. வன்னியில் புத்தர் சிலை காவலரணுக்குப் பக்கத்தில் வந்தது. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை போனது. அந்தச் சொல்லைக் கேட்டதும் தோள் இறுகுகிற ஒருவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லி மனதைத் தளர்த்த முடியாது. உளச்சிகிச்சையில் முதல் மருந்து நம்பிக்கை. அம்மா வேண்டாம் என்றால், அதைக் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரையோ வற்றாப்பளை அம்மனையோ மனதில் இருத்தி, ‘சிவசிவ’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு அவர் அமர்ந்தால் அது போதும். மடுமாதாவின் பிள்ளைகளுக்குச் செபமாலை இருக்கிறது. மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் தசைத் தளர்வு, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு அவரவர் சமயச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010 இல் அவர் எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது மனதை ஓரிடத்தில் கட்டுவது. பௌத்தத்தில் அதைச் சமதம் என்பார்கள். வருவதை வருகிறபடி பார்ப்பது விபாசனை. நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு முதலில் கட்டுத்தறி வேண்டும், பார்வை பிறகு. மண்டபத்தில் தலைகீழாகச் செய்துவிட்டார்கள்.

பயன் உண்டா என்றால், உண்டு, அளவோடு. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக இதைச் சிந்தனைச் சிகிச்சையோடு இணைத்தார்கள். 2000 இல் வந்த அவர்களுடைய முதல் பெரிய ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வு கண்டவர்களில் வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 66 வீதம் நோய் திரும்பியது. பயிற்சி பெற்றவர்களுக்கு அது 37 வீதம். நல்ல எண். ஆனால் அவர்கள் சோர்விலிருந்து மீண்டு, ஓரளவு தேறிய நிலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆழக் கிணற்றுக்குள் இருப்பவரிடம் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல அது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளை இரண்டு குழுக்களாக்கினார்கள். ஒரு குழு தன் வாழ்க்கைக் கதையை ஆறு அமர்வுகளில் முழுமையாகச் சொன்னது. மற்றக் குழு ஆறு அமர்வுகள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்குழுவில் 81 வீதமும் இரண்டாம் குழுவில் 71 வீதமும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 2009 இல் வெளியான ஆய்வு. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு அதில் இல்லை, எனவே எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்கள் என்று பிரிக்க முடியாது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, சிகிச்சை கொடுத்தவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள் என்பதும், கதை சொல்வதும் அமைதியாக இருப்பதும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதும்.

இப்போது என் மனதை மிகவும் அரிக்கிற விடயத்துக்கு வருகிறேன். ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற சொல்.

இந்தச் சிகிச்சைகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் வரும். ஜென் பயிற்சி பெற்ற அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய சிகிச்சையிலும் அதுவே நடுத்தூண். பொருள் தெரியாமல் வன்னியில் அதைச் சொன்னால் அது கத்தி. மகனைத் தேடும் ஒரு தாயிடம் ‘ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா’ என்றால், அவர் காதில் விழுவது ‘அவன் செத்துவிட்டான், வீட்டுக்குப் போ’ என்பதுதான். ஏற்றல் என்பதன் பொருள் மிகச் சிறியது: இந்தக் கணத்தில் என் நெஞ்சு இறுகியிருக்கிறது, தொண்டை அடைக்கிறது, அவன் முகம் வருகிறது என்று தெரிந்துகொள்வது. அவ்வளவே. மகன் இறந்தான் என்று ஒப்புவது அதில் இல்லை. நடந்ததை மன்னிப்பதும் கேள்வியைக் கைவிடுவதும் அதில் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருடைய போராட்டக் கொட்டகைக்குப் போய்வந்த அன்று நன்றாகத் தூங்கினேன் என்று என்னிடம் சொன்ன அம்மாக்கள் இருக்கிறார்கள். போராட்டம் மனநோயின் அறிகுறி என்று பேசும் உளவளத்துணையாளரிடம் உங்கள் அம்மாவை அனுப்பாதீர்கள்.

பௌத்த நூல்களில் இரண்டு அம்புகள் பற்றிய உவமை உண்டு. முதல் அம்பு உடலில் தைக்கும் வலி. இரண்டாவது, அதைப் பற்றி மனம் தானே எய்துகொள்வது. ‘நான் ஏன் அவனை ஒப்படைத்தேன், நான் கையைப் பிடித்திருந்தால்’ என்று உங்கள் அம்மா இரவு இரண்டு மணிக்கு எய்துகொள்வது இரண்டாவது அம்பு. அதில்தான் சிகிச்சைக்கு வேலை இருக்கிறது. ஆனால் முதல் அம்பு என்றோ தைத்துப் போனது என்று இந்த உவமையை விளக்குகிறவர்கள் நினைக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் அது இன்னும் தைத்துக்கொண்டே இருக்கிறது.

மணிமேகலையில் ஓர் இடம். மகன் உதயகுமரனை இழந்த அரசி அழுகிறாள். மணிமேகலை அவளிடம் கேட்கிறாள்: உடலுக்காக அழுதாயா, உயிருக்காக அழுதாயா? உடலுக்காக என்றால், உன் மகனை எடுத்துப்போய்ச் சுடுகாட்டில் இட்டவர் யார்? பள்ளியில் படித்தபோது கூர்மையான கேள்வி என்று வியந்தேன். வன்னிக்கு வந்து அதை மறுபடி நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. அந்தக் கேள்விக்கு அரசியிடம் பதில் இருந்தது. எடுத்தார்கள், இட்டார்கள், சடங்கு முடிந்தது. நம் அம்மாக்களிடம் எடுத்தவரும் இல்லை, இட்டவரும் இல்லை, காடாற்றும் இல்லை, எட்டுச் செலவும் இல்லை. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பணியாற்றிய போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். இருக்கிறானா இல்லையா என்று முடிவு சொல்ல வற்புறுத்தாமல், ‘அவன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்த உதவுவதே அவர் காட்டும் வழி. நினைவோடு இருக்கும் பயிற்சியை அம்மாவுக்கு நான் பரிந்துரைப்பதானால் இதற்காகத்தான்.

பௌத்த மரபில் எனக்கு வழிகாட்டியாக இருப்பது பட்டாசாரையின் கதை. கணவன், இரண்டு பிள்ளைகள், பெற்றோர், சகோதரன் எல்லோரையும் இழந்து, உடை நழுவியதுகூடத் தெரியாமல் அலைந்தவள். கூட்டம் அவளை விரட்டியது. புத்தர் அவளிடம் முதலில் சொன்னது உபதேசம் இல்லை: ‘சகோதரி, நினைவு கொள்.’ நினைவு வந்ததும் கூச்சம் வந்தது, ஒருவர் தன் மேலாடையை எறிந்து கொடுத்தார், உடுத்திக்கொண்டாள். பிறகு நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் போதனை. ஆடை, செவி, பிறகு சொல். கடன் கட்ட முடியாமல் இருக்கும், கூரை ஒழுகும், காணி விடுபடாத ஒரு பெண்ணிடம் மூச்சைப் பார் என்று முதல் வரியிலேயே தொடங்குகிறவர்கள் இந்தக் கதையைப் படித்ததில்லை போலும்.

அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால்:

முதலில் மாவட்ட வைத்தியசாலை. படபடப்புக்கு இரத்தசோகை, தைரொயிட், இரத்த அழுத்தம் போன்றவையும் காரணமாக இருக்கலாம், பார்த்துவிட வேண்டும். அங்கேயே மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். ‘விசர் ஆஸ்பத்திரி’ என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும், கூடவே போங்கள். மருந்து தந்தால் எடுக்கட்டும். பயிற்சி செய்கிறேன் என்று மருந்தை நிறுத்தக் கூடாது. உயிரை விடும் பேச்சு எப்போதாவது வந்தால் தாமதிக்காதீர்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

பயிற்சியைக் கண் திறந்து, பகலில், கை வேலையில் தொடங்குங்கள். அம்மா முற்றம் கூட்டுகிறார் அல்லவா? விளக்குமாறு மண்ணில் உரசும் சத்தம், பாதத்தின் கீழ் மணலின் சூடு, பத்து இழுப்பு வரை மட்டும். மனம் ஓடினால் ‘யோசனை வந்தது’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மறுபடி விளக்குமாற்றுக்கு வரட்டும். ஓடியதற்காகத் தன்னைத் திட்ட வேண்டாம். பன்னவேலை தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது, ஓலை மடியும் இடத்தில் விரல் இருக்க, கண்ணும் அங்கே இருக்கும். கபாட் சின்னின் வகுப்பில் ஓர் உலர்ந்த திராட்சையை மிக மெதுவாகத் தின்னச் சொல்வார்கள். நான் பருவத்தில் பாலைப்பழம் கொடுப்பேன். உதட்டில் பால் ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும், சிரிப்பு வரும், சிரித்தபடியே கவனம் வந்துவிடும்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பாயிலேயே கிடந்து யோசனையோடு மல்லுக்கட்ட வேண்டாம். லண்டனில் உளவியலாளராக இருந்த இலங்கையர் பத்மால் டி சில்வா 1984 இல் ஒரு பழைய பௌத்தப் போதனை நூலை எடுத்துக்காட்டினார். வேண்டாத எண்ணங்களைக் கையாள அதில் ஐந்து வழிகள் உள்ளன: தச்சன் சிறிய ஆப்பால் பெரிய ஆப்பைக் கழற்றுவதுபோல் வேறோர் எண்ணத்தை வைப்பது, அந்த எண்ணத்தால் வரும் தீமையைப் பார்ப்பது, கவனத்தைத் திருப்புவது, எண்ணத்தின் மூலத்தைத் தேடி அதன் வேகத்தைப் படிப்படியாகத் தணிப்பது, கடைசியாகப் பல்லைக் கடித்து அடக்குவது. நான்காவதற்கு அங்கே ஓர் அழகான உவமை: விரைந்து நடப்பவன் ஏன் விரைகிறேன் என்று கேட்டு மெதுவாக நடக்கிறான், பிறகு நிற்கிறான், இருக்கிறான், படுக்கிறான். அம்மாவும் அப்படியே எழுந்து வீட்டுக்குள் நடக்கட்டும், வேகம் குறையட்டும், திண்ணையில் நிற்கட்டும், அமரட்டும், பிறகு படுக்கட்டும். நம் ஊரில் ‘மனதைக் கல்லாக்கிக்கொள்’ என்று சொல்வது ஐந்தாவது வழி. அந்த நூலே அதைக் கடைசியில்தான் வைத்தது. அடக்கிய எண்ணம் இன்னும் பலமாகத் திரும்பும் என்று 1987 இல் உளவியலாளர் டேனியல் வெக்னரின் சோதனைகளும் காட்டின.

எந்தக் கட்டத்திலும் உடம்பு நடுங்கினாலோ, ‘இங்கே இல்லை’ என்பதுபோல் பார்வை நிலைகுத்தினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முகம் கழுவ வையுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இன்று என்ன கிழமை, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மே மாதத்தில் எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். அந்த மாதம் உடம்பு தானாகவே நாள் எண்ணும். நினைவுக் கஞ்சி காய்ச்சட்டும், முள்ளிவாய்க்காலுக்குப் போக விரும்பினால் போகட்டும், வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும். ஆனி பிறந்த பிறகு ஒரு காலையில் முற்றத்தில் தொடங்கலாம். மாமாவையும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருக்கச் சொல்லுங்கள். அவருக்கும் 2009 இல் ஏதோ நடந்திருக்கும்.